உதவித்தொகை யாருடைய பெயரில் வருகிறது?

விலங்கியலில் முதுகலை முடித்த மாணவி ஒருவர் இன்று காட்டிய ஆய்வுப் பணி அறிவிப்பில், மாதம் 37,000 ரூபாய் என்பது தடித்த எழுத்தில் இருந்தது. ‘திட்டக் காலம் முடியும் வரை மட்டும்’ என்பது கடைசி வரியில், பொடி எழுத்தில்.

முனைவர் பட்டப் பதிவு பற்றி ஒரு சொல்கூட இல்லை.

இத்தகைய பணிகளில் பணம் பேராசிரியரின் ஆய்வுத் திட்டத்திலிருந்து வருகிறது; திட்டம் முடிந்தால் அதுவும் நின்றுவிடும். மாறாக, அறிவியல் பாடங்களுக்கான தேசியத் தகுதித் தேர்வான சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வில் ஜேஆர்எஃப் எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றாலோ, மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் ‘பெட்’ தகுதித் தேர்வில் உதவித்தொகைக்குரிய முதல் பிரிவில் இடம்பிடித்தாலோ, உதவித்தொகை மாணவரின் பெயரிலேயே வருவதால், கையில் திட்ட நிதி இல்லாத நல்ல நெறியாளரிடமும் அவர் துணிந்து சேரலாம். இந்த வேறுபாட்டைக் கல்லூரிகள் முதுகலை முதலாண்டிலேயே சொல்லித்தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நெட் வாய்க்காதவர்களுக்குத் திட்டப் பணியும் நல்ல வாசல்தான்.

ஆனால் பதிவு எப்போது நடக்கும், திட்டம் முடிந்தபின் பணம் எங்கிருந்து வரும், அந்த ஆய்வகத்தில் முன்பு இப்படிச் சேர்ந்தவர்கள் பட்டம் பெற்றார்களா என்பவற்றை, ஒப்புக்கொள்ளும் முன்பே தயங்காமல் கேளுங்கள்.