போன் தொலைந்தால் எது முதலில், எது பிறகு: நான்கு நாள் அலைச்சலில் தெரிந்தது

டவுன் பஸ்ஸில் தொலைந்த ஆண்ட்ராய்டு போனை முடக்கி, அதே நம்பரை மீட்டு, பேங்க், வாட்ஸ்அப், கூகுள் எல்லாவற்றையும் புதுப் போனுக்குக் கொண்டுவர நான்கு நாள் பிடித்தது. உண்மையில் அது ஒன்றரை நாள் வேலை. மீதி நாட்கள் போனதற்குக் காரணம், எதை முதலில் செய்ய வேண்டும் என்று தெரியாததுதான். இன்னொருவர் அப்படி அலையக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முதல் வேலை போனைத் தேடுவது அல்ல, சிம்மை நிறுத்துவது. போனுக்கு எவ்வளவு நல்ல லாக் போட்டிருந்தாலும் சிம்மை உருவி வேறு போனில் போட்டால் உங்கள் ஓடிபி எல்லாம் போனை எடுத்தவன் கைக்குப் போகும். பக்கத்தில் இருப்பவர் போனை வாங்கி, சிம் கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு அழைத்து நம்பரை நிறுத்தச் சொல்லுங்கள். அடுத்த அழைப்பு பேங்குக்கு. அந்த நம்பரை நெட்டில் தேடி எடுக்காதீர்கள். போலி ஹெல்ப்லைன் நம்பர்கள் நிறையவே உலவுகின்றன. டெபிட் கார்டின் பின்பக்கம் அச்சடித்திருக்கும் நம்பர்தான் சரி. கார்டை மட்டுமல்ல, யுபிஐ, மொபைல் பேங்கிங் இரண்டையும் நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் கார்டை மட்டும் பிளாக் செய்துவிட்டு வைத்துவிடுவார்கள். கணக்கிலிருந்து ஏற்கெனவே பணம் போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு உடனே அழைக்க வேண்டும்.

டூப்ளிகேட் சிம் வாங்கப் போன இடத்தில்தான் முதல் அடி. ஆதார், அவசரத்துக்கு எடுத்த புது போட்டோ எல்லாம் கையில் இருந்தது. கவுன்டரில் இருந்தவர் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது வேற பேர்ல இருக்கு சார், அவங்களே நேர்ல வரணும்" என்றார். பல வருஷத்துக்கு முன் அப்பா பெயரில் வாங்கிய இணைப்பு. அப்பாவின் ஆதார் ஜெராக்ஸும் கையெழுத்திட்ட கடிதமும் கொண்டுபோனால் போதுமா என்று கேட்டதற்கு, "கொண்டு வாங்க, பாக்கலாம்" என்றார். கொண்டுபோனோம். வாங்கவில்லை. விரல் ரேகையோ நேரடி போட்டோவோ இல்லாமல் சிஸ்டத்தில் போகாது என்பது அவருக்கு முன்பே தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு நடை மிச்சமாகியிருக்கும். மறுநாள் காலை அப்பாவையே அழைத்துப் போனதும் பத்து நிமிஷத்தில் சிம் கிடைத்தது. தமிழ்நாட்டில் பல வீடுகளில் பிள்ளைகளின் நம்பர் அப்பா பெயரிலோ, மாமா பெயரிலோ, முன்னால் வேலை பார்த்த கடைக்காரர் பெயரிலோதான் இருக்கும். சிம் கம்பெனி ஆப்பில் யார் பெயர் வருகிறது என்று இன்றே பாருங்கள். பெயர் மாற்றவும் இப்போதைய உரிமையாளர் நேரில் வர வேண்டியிருக்கும், அதனால் அவர் நல்லபடியாக நடமாடும்போதே முடித்துவிடுங்கள்.

அடுத்தது பலருக்கும் தெரியாத விஷயம். டூப்ளிகேட் சிம்மில் கால் உடனே வரும், எஸ்எம்எஸ் வராது. சிம் மாற்றி மோசடி செய்பவர்களைத் தடுக்க, புது சிம் உயிர் பெற்ற பிறகு 24 மணி நேரம் வரை எஸ்எம்எஸ் நிறுத்தப்படுகிறது. நல்ல விதிதான். ஆனால் சிம் கொடுப்பவர் அதைச் சொல்வதில்லை. ஓடிபி வரும் வரும் என்று அன்று மதியம் முழுக்க "மீண்டும் அனுப்பு" பொத்தானை அழுத்தியதில், இரண்டு ஆப்கள் முயற்சி அதிகம் என்று சொல்லித் தற்காலிகமாகப் பூட்டியதுதான் மிச்சம். சிம்மில் கோளாறு என்று நினைத்து மறுபடி கடைக்குப் போனது இன்னொரு வீண் நடை. அந்த ஒரு நாளை போலீஸ் ஸ்டேஷனுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷனில் இரண்டு முட்டுக்கட்டை. ஒன்று எல்லை. "ஏறின ஸ்டாப் எங்க லிமிட் இல்ல, இறங்கின இடத்துல குடுங்க" என்று ரைட்டர் மனுவைப் படிக்காமலே திருப்பித் தந்தார். மனுவில் "பேருந்தில் பயணம் செய்தபோது" என்று எழுதினால் இப்படித்தான் ஆகும். கடைசியாகப் போனைக் கையில் வைத்திருந்த இடத்தையும், இல்லை என்று கவனித்த இடத்தையும், இரண்டுக்கும் நேரத்தையும் எழுதுங்கள். கவனித்த இடத்தின் ஸ்டேஷனில் கொடுத்தபோதுதான் வாங்கினார்கள். யாராவது பறித்தோ திருடியோ போயிருந்தால் "தொலைந்துவிட்டது" என்று எழுதவே எழுதாதீர்கள். வாரன்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவலை எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம் என்பது 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 173-ஆம் பிரிவில் இருக்கிறது.

இரண்டாவது முட்டுக்கட்டை, போன் வாங்கிய பில். "பில் இல்லாம எப்படி சார்?" என்றார்கள். ஆன்லைனில் வாங்கிய போன். பில் அந்த ஆப்பில் இருக்கிறது. ஆப்பில் நுழைய ஓடிபி வேண்டும். ஓடிபி இன்னும் வராது. வீட்டுக் கம்ப்யூட்டரில் ஜிமெயில் திறந்தே இருந்ததால் தப்பித்தோம். பழைய மெயிலில் பில் இருந்தது, அதிலேயே போனின் தனி அடையாள எண்ணான ஐஎம்ஈஐ நம்பரும் அச்சாகியிருந்தது. பில்லே கிடைக்காதவர்கள் போன் வந்த அட்டைப்பெட்டியைத் தேடுங்கள். பெட்டியின் பக்கவாட்டில் பார்கோடு போட்ட வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். அதில் 15 இலக்கத்தில் இரண்டு நம்பர்கள், இரண்டு சிம்முக்கு இரண்டு. இரண்டையும் மனுவில் எழுத வேண்டும். பெட்டியும் இல்லையென்றால், கூகுளின் தொலைந்த போனைத் தேடும் பக்கத்தில் போனின் பெயருக்கு அருகில் உள்ள விவரப் பொத்தானில் ஐஎம்ஈஐ வரும். மனு கொடுத்ததும், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீதை வாங்காமல் வெளியே வராதீர்கள். "நம்பர் அப்புறம் போன்ல சொல்றோம்" என்றால், காத்திருந்தே வாங்குங்கள்.

போனை முடக்குவது மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில், தொலைந்த போன்களை ஐஎம்ஈஐ வைத்துத் தடை செய்யும் சிஇஐஆர் பகுதியில். 2023 மே மாதத்திலிருந்து நாடு முழுக்க இருக்கிறது. தொலைந்த இடம், தேதி, ஸ்டேஷன், புகார் எண், புகார் நகல், அடையாளச் சான்று கொடுக்க வேண்டும். பில் இருந்தால் சேர்க்கலாம். ஓடிபி போவது தொலைந்த போனில் இருந்த அதே நம்பருக்கு. அதனால் எஸ்எம்எஸ் திறக்கும் முன் இதில் உட்கார்ந்து பயனில்லை. தளத்தின் குறிப்புகளிலேயே இது எழுதியிருக்கிறது. படிக்காமல் படிவத்தை மூன்று முறை நிரப்பினோம். சமர்ப்பித்ததும் ஒரு கோரிக்கை எண் வரும். அதைத் தாளில் எழுதிவையுங்கள். போன் திரும்பக் கிடைத்தால் தடையை நீக்க அதுதான் வேண்டும்.

கூகுளில் சிக்கல் வேறு மாதிரி. பாஸ்வேர்டு சரியாக அடித்தாலும் "உங்கள் போனில் ஆம் என்பதைத் தட்டுங்கள்" என்று வரும். அந்தப் போன்தான் தொலைந்துவிட்டதே. அங்கேயே நின்றுவிடாமல் "வேறு வழியை முயலவும்" என்பதைத் தட்டினால், எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில் குரல் அழைப்பில் கோடு சொல்லும் வழி இருந்தது. டூப்ளிகேட் சிம்மில் கால் வரும் அல்லவா, உடனே வேலை செய்தது. அந்த நான்கு நாளில் கிடைத்த முதல் நிம்மதி அதுதான். எல்லாக் கணக்குக்கும் இந்த வழி காட்டும் என்று நம்பி இருக்க வேண்டாம். பாதுகாப்புப் பகுதியில் எட்டு இலக்க பேக்கப் கோடு பத்து தருகிறார்கள். அச்சடித்து ரேஷன் கார்டோடு வையுங்கள். அந்தக் கோடுகளைப் போனிலேயே ஸ்கிரீன்ஷாட்டாக வைத்திருப்பவர்களுக்கு அவை எதற்கும் உதவாது.

தூரத்திலிருந்தே போனை அழிக்கும் வசதியை அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். அழித்துவிட்டால் அதன் பிறகு இடம் காட்டாது. முதலில் பூட்டுங்கள், திரையில் வீட்டு நம்பரைக் காட்டச் செய்யுங்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் அழித்தாலும் அழிக்கலாம், கணக்கிலிருந்து அந்தப் போனை நீக்கவே கூடாது. நீக்கினால், உங்கள் பாஸ்வேர்டு இல்லாமல் போனை இயக்க விடாத ஆக்டிவேஷன் பூட்டு கழன்று, எடுத்தவன் புதுப் போனாகவே விற்றுவிடலாம். "உங்கள் போன் கிடைத்தது" என்று லிங்க்கோடு மெசேஜ் வந்தால், அது அந்தப் பூட்டைத் திறக்க உங்கள் பாஸ்வேர்டைப் பிடுங்கும் வலை.

வாட்ஸ்அப்பைக் கூகுள் கணக்கு திரும்பிய பிறகே நிறுவுங்கள். பழைய அரட்டைகளை மீட்கவா என்று நிறுவும்போது ஒரு முறைதான் கேட்கும். அதற்கு அதே நம்பரும், பேக்கப் இருக்கும் அதே கூகுள் கணக்கும் வேண்டும். அவசரத்தில் தவிர்த்துவிட்டால், அடுத்த பேக்கப் பழையதன் மேல் ஏறிவிடும். வாட்ஸ்அப்பில் நீங்கள் வைத்த ஆறு இலக்க பின்னை மறந்து, அதை மீட்க மெயிலும் கொடுக்காமல் இருந்தால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும்.

யுபிஐ கடைசி. பதிவின்போது போனிலிருந்தே ஒரு எஸ்எம்எஸ் வெளியே போக வேண்டும், ஆகவே இதுவும் 24 மணி நேரத்துக்குப் பிறகுதான். புதுப் போனில் பதிந்த முதல் நாள் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது. பள்ளிக் கட்டணமோ வாடகையோ கட்ட வேண்டியிருந்தால் பேங்குக்கே போங்கள்.

எல்லாம் முடிந்ததும், சிம்மை வேறு போனில் போட்டால் பின் கேட்கும் சிம் லாக்கைப் புது சிம்மில் போட்டோம். பழைய பின் தெரியாமல் மூன்று முறை தவறாக அடித்தால் பூட்டிய சிம்மைத் திறக்கும் எண்ணான பியுகே கேட்கும், அதையும் பத்து முறை தவறவிட்டால் சிம்மே போய்விடும். ஆகவே கஸ்டமர் கேரில் முதல் பின்னைக் கேட்டுக்கொண்டு மாற்றுங்கள். புதுப் போனின் பெட்டி ஸ்டிக்கரை வெட்டி, பில் நகல், பேக்கப் கோடு, சிஇஐஆர் கோரிக்கை எண்ணோடு ஒரே உறையில் போட்டு பீரோவில் வைத்தாயிற்று.