டிரையர் வடிகட்டியில் கிடந்த பஞ்சு

இன்று துணி உலர்த்தும் டிரையரின் வடிகட்டியை வெளியே எடுத்தேன். விரல் கனத்துக்குச் சாம்பல் நிறப் பஞ்சு. அத்தனையும் எங்கள் துணிகளிலிருந்து உதிர்ந்த நூல்தான் என்று உறைத்ததும் மனசு கேட்கவில்லை. உள்ளாடை எலாஸ்டிக் ஏன் இவ்வளவு சீக்கிரம் தளர்ந்தது என்பதும் புரிந்தது. சூடு அதற்கு ஆகாது. போதாக்குறைக்கு, சாதாரண டிரையர் ஒருமுறை ஓடினாலே 2 முதல் 4 யூனிட் மின்சாரம் போய்விடும்.

அடைமழை நாளில், கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அது பெரிய உதவி, மறுக்கவே மாட்டேன். (வீட்டுக்குள் கொடி கட்டினால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும்.)

இப்போதெல்லாம் வாஷிங் மெஷினில் நிமிடத்துக்கு 1200 சுற்று வேகத்தில் பிழியவிட்டு, நன்றாக உதறி, கருப்புச் சட்டைகளை உட்புறம் திருப்பிக் கொடியில் போடுகிறேன். சாயம் முன்போல வெளுப்பதில்லை. டிரையர் இனி துண்டுகளுக்கு மட்டும்.