ஃபெயிலோவர் நேரம் எங்கே போகிறது?

எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ் மென்பொருளை, ஒன்று விழுந்தால் இன்னொன்று ஏற்கும்படி பல சர்வர்களை (நோடுகளை) சேர்த்துக் கிளஸ்டராகக் கட்டி மேய்த்தவர்களுக்கு இந்தக் கூட்டம் பழகியிருக்கும். ஃபெயிலோவர், அதாவது ஒரு நோடின் வேலை இன்னொரு நோடுக்கு மாறுவது, ரொம்ப நேரம் எடுக்கிறது, குறைத்தே ஆகணும் என்று மேலிருந்து வரும். உடனே யாராவது ஒருவர் நோடுகள் உயிரோடிருக்கிறோம் என்று ஒன்றுக்கொன்று அனுப்பும் சிக்னலான ஹார்ட்பீட்டின் டைம்அவுட்டைக் குறைத்துவிடலாமே என்பார். அந்தப் பேச்சில் நான் எப்போதும் எதிர்க்கட்சிதான். விண்டோஸ் சர்வர் 2016-இல், ஒரே சப்நெட்டுக்குள் (நெட்வொர்க்கின் ஒரே பிரிவுக்குள்), விநாடிக்கு ஒரு ஹார்ட்பீட் வீதம் 10 தவறினால்தான் அந்த நோடு போய்விட்டது என்று கிளஸ்டர் முடிவுக்கு வரும். 2012 ஆர்2-வில் இந்த எண் 5 ஆக இருந்தது. நெட்வொர்க் லேசாகத் தடுமாறியதற்கெல்லாம் ஃபெயிலோவர் நடக்கக் கூடாது என்று மைக்ரோசாஃப்டே தளர்த்தி வைத்ததை நாம் ஏன் இறுக்க வேண்டும்? நாலைந்து விநாடி மிச்சம் பிடிக்கப் போய், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நோடையே நடுராத்திரியில் கீழே தள்ளுவதில்தான் அது முடியும்.

நிஜமாக நேரம் கரைவது வேறு இடத்தில். சர்வீஸ் அடுத்த நோடில் எழுந்ததும் ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் ரெக்கவரி நடக்கும்: முதலில் மாற்றங்கள் பதிவாகும் லாக்கைப் படித்து நிலைமையைக் கணிக்கும் அனாலிசிஸ், அப்புறம் டிஸ்க்கில் சேராத மாற்றங்களை மறுபடி செய்யும் ரீடூ, கடைசியில் பாதியில் நின்ற வேலைகளைத் திரும்பப் பெறும் அண்டூ. எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்று எரர் லாக்கே சொல்லிவிடும், ஆனால் அதைத் திறந்து பார்க்காமலேயே ஸ்டோரேஜ்காரர்கள் மேல் பழி போடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். எங்கள் இடத்தில் திறந்து பார்த்தபோது, பெரிய டேட்டாபேஸ்களை விட்டுவிட்டு, யாரும் கண்டுகொள்ளாத ஒரு நடுத்தர டேட்டாபேஸ்தான் கடைசி வரை இழுத்துக்கொண்டிருந்தது. அதன் லாக் ஃபைல் தானாகவே துளித்துளியாக வளர்ந்து வளர்ந்து ஆயிரக்கணக்கான விஎல்எஃப்களாக, அதாவது உள்துண்டுகளாக, சிதறிக் கிடந்தது. லாக் பேக்கப் எடுத்து, சுருக்கி, பெரிய துண்டுகளாக மறுபடி வளர்த்துவிட்டதில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் வந்தது.

ரீடூவைக் குறைக்க எஸ்க்யூஎல் சர்வர் 2012-இல் வந்த இன்டைரக்ட் செக்பாயின்ட், அதாவது ரெக்கவரிக்கு நாம் வைக்கும் நேர இலக்குக்கேற்ப மெமரியில் உள்ள மாற்றங்களை டிஸ்க்குக்கு எழுதிவைப்பது, நல்ல வழி. 2016-இலிருந்து புதிதாக உருவாக்கும் டேட்டாபேஸுக்கு டார்கெட் ரெக்கவரி டைம் 60 விநாடி என்று தானாகவே வந்துவிடும், ஆனால் பழைய பதிப்பிலிருந்து அப்கிரேட் ஆகி வந்தவற்றில் அது 0 ஆகவே இருக்கும், நாமாகப் போய் மாற்றினால்தான் உண்டு. டிஸ்க்குக்கு எழுதும் வேலை கூடும், அதையும் பார்த்துக்கொண்டுதான் செய்யணும். திட்டமிட்ட ஃபெயிலோவர் என்றால் இன்னும் சுலபம், ரோலை (எஸ்க்யூஎல் சர்வரை) அடுத்த நோடுக்கு நகர்த்துவதற்குச் சற்று முன் கையாலேயே ஒரு செக்பாயின்ட் கொடுத்துவிட்டால் சர்வீஸ் நிற்கும்போது எழுத வேண்டிய பாக்கி குறைந்துவிடும்.

அண்டூதான் தொல்லை பிடித்தது. யாரோ மணிக்கணக்காக ஓடவிட்ட ஒரே டிரான்சாக்‌ஷனைத் திரும்பப் பெற அதே அளவு நேரம்கூட ஆகலாம். என்டர்பிரைஸ் எடிஷனில் ரீடூ முடிந்ததுமே டேட்டாபேஸ் திறந்துவிடும், அண்டூ பின்னால் ஓடும். ஸ்டாண்டர்டில் அந்த வசதி இல்லை. 2019-இல் வந்த ஆக்ஸிலரேட்டட் டேட்டாபேஸ் ரெக்கவரி ஸ்டாண்டர்டிலும் கிடைக்கிறது, அண்டூவைக் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகிறது, பதிலுக்கு, மாறிய வரிகளின் பழைய வடிவங்களை வைக்கும் வெர்ஷன் ஸ்டோர் டேட்டாபேஸுக்குள்ளேயே இடம் பிடிக்கும். என்னைக் கேட்டால், ராத்திரியில் மொத்தமாக ஓடும் பேட்ச் (batch) வேலைகளைச் சின்னச் சின்ன டிரான்சாக்‌ஷன்களாக உடைப்பதுதான் முதல் வேலை. காசும் செலவில்லை.

இத்தனையும் செய்து கிளஸ்டர் மேனேஜரில் எல்லாம் ஆன்லைன் என்று காட்டினாலும் அப்ளிகேஷன்காரர்கள் இன்னும் வரவில்லை என்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். நோடுகள் வேறு வேறு சப்நெட்டில் இருந்தால் ஃபெயிலோவரில் ஐபி மாறும், ஆனால் கிளஸ்டர் பெயருக்கான டிஎன்எஸ் பதிவின் (எந்தப் பெயருக்கு எந்த ஐபி என்று சொல்வது) டிடிஎல், அதாவது அதை நினைவில் வைத்துக்கொள்ளும் நேரம், மாற்றாமல் விட்டால் 1200 விநாடி. அதாவது 20 நிமிடம் வரை கிளையன்ட் பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருக்கலாம். எல்லா ஐபிகளையும் டிஎன்எஸ்ஸில் பதியச் செய்து, கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கில் மல்டிசப்நெட்ஃபெயிலோவரை ட்ரூ என்று வைத்தால் டிரைவர் அத்தனை முகவரிகளையும் ஒரே நேரத்தில் முயலும். அதை ஆதரிக்காத பழைய டிரைவருக்கு டிடிஎல்லைக் குறைப்பதே வழி. அதற்குமேல், அறுந்த கனெக்‌ஷனைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி முயலும் கோடு அப்ளிகேஷனில் இருக்கணும். அதை யார் எழுதுவது என்ற சண்டை எங்கள் இடத்தில் இன்னும் ஓயவில்லை, கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கை மட்டும் எப்படியோ மாற்ற வைத்துவிட்டோம்.