யூஃபோனியத்தைத் திருப்பிக் கொடுக்கிற வாரம்

போன சனிக்கிழமையோடு என் பேண்டு வாழ்க்கை முடிந்தது. பள்ளி பேண்டு வாழ்க்கை என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் யூஃபோனியம் வாசிக்கிறவனுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

முதலில் யூஃபோனியம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் சொந்தக்காரர்களில் பாதிப்பேர் இன்னமும் அதை டிரம்பெட் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். டியூபா என்கிற பெரிய பித்தளை ஊதுகருவியின் தம்பி. மடியில் வைத்து, குழந்தையைப் பிடிப்பதுபோல் அணைத்துக்கொண்டுதான் வாசிக்க வேண்டும். குழாயை நீட்டிப் போட்டால் ஒன்பது அடி வரும், நான்கு வால்வு, ஊதும் இடத்திலிருந்து ஒலி வெளியே வரும் வாய் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அகன்றுகொண்டே போவதால் சத்தம் கூர்மையாக வராது, உருண்டு வரும். டிராம்போனும் இதுவும் ஏறக்குறைய ஒரே உயரத்தில்தான் பேசுகின்றன, ஆனால் டிராம்போன் சண்டைக்கு வருகிற மாதிரி இருக்கும், இது சமாதானத்துக்கு வருகிற மாதிரி இருக்கும். இதை நான் டிராம்போன்காரர்கள் முன்னாலேயே சொல்லியிருக்கிறேன்.

உயர்நிலை ஒன்றில் சேர்ந்தபோது நான் கேட்டது டிரம்ஸ். எல்லாப் பையன்களும் டிரம்ஸ்தான் கேட்பார்கள். சீனியர் ஒருவர் என் உதட்டைப் பார்த்தார், மவுத்பீஸ் ஒன்றைக் கையில் கொடுத்து உதட்டை அதிரவைத்து ஊதச் சொன்னார், சத்தம் வந்தது, அவ்வளவுதான், என் தலையெழுத்து முடிவாகிவிட்டது. சிங்கப்பூரில் பேண்டில் சேருகிற நிறையப்பேர் கதை இதுதான், வாத்தியத்தை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, எங்கே ஆள் குறைகிறதோ அங்கே நம்மை உட்கார வைப்பார்கள். சேரும்போது நோட்ஸ் படிக்கத் தெரிய வேண்டும் என்றுகூட யாரும் கேட்பதில்லை. இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பியானோ வகுப்புக்குக் காசு கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் பள்ளியே பல ஆயிரம் வெள்ளி வாத்தியத்தைக் கையில் தூக்கிக் கொடுத்துவிடுகிறது.

இந்த ஏற்பாடு இன்று நேற்று வந்ததில்லை. 1965இல் நாடு தனியாக வந்த கையோடு பள்ளிகளில் பேண்டுகளை ஆரம்பித்தார்கள். அப்போது நோக்கம் சங்கீதம் மட்டும் இல்லை, அணிவகுப்பு, ஒழுங்கு, எல்லா இனத்துப் பிள்ளைகளும் ஒரே தாளத்துக்குக் கால் எடுத்து வைப்பது, இதெல்லாம்தான். 1967இல் சிங்கப்பூர் இளையர் விழா வந்தது. அப்புறம் வருஷங்கள் போகப்போக மைதானத்தில் நடந்துகொண்டிருந்த பேண்டுகள் நாற்காலியில் உட்கார்ந்து கச்சேரி செய்ய ஆரம்பித்தன. எங்களுக்கு முந்தின தலைமுறை அந்த விழாவில் கோல்டு வித் ஹானர்ஸ், கோல்டு, சில்வர் விருதுகளுக்காக அடித்துக்கொண்டார்கள். 2013இல் அதை மாற்றி டிஸ்டிங்ஷன், அக்காம்ப்ளிஷ்மெண்ட், கமெண்டேஷன் என்று ஆக்கினார்கள், போட்டி மனப்பான்மை குறையட்டும் என்று. குறைந்ததா? பேண்டு அறையில் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இல்லை. முடிவு வருகிற அன்றைக்கு எல்லார் போனும் கையில்தான் இருக்கும்.

அதனால்தான் இளையர் விழாவைவிடக் கடைசிக் கச்சேரி எனக்குப் பெரிதாகப் படுகிறது. அங்கே மார்க் போட யாரும் இல்லை. ஏப்ரல், மே வாக்கில் கச்சேரியை முடித்துவிட்டு, என்னைப் போன்ற தொடக்கக் கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவர்கள் பேண்டு மாதிரியான இணைப்பாட நடவடிக்கையிலிருந்து இறங்கிவிட வேண்டும், அதற்குப் பிறகு ஏ லெவல் தேர்வு மட்டும்தான். ஆக மேடையில் இருக்கிறவர்களில் பாதிப்பேருக்கு அன்றைக்கு இழக்கவோ ஜெயிக்கவோ ஒன்றும் கிடையாது. அப்படி வாசிக்கும்போது பேண்டு வேறு மாதிரி ஒலிக்கிறது.

கச்சேரி விக்டோரியா கான்சர்ட் ஹாலில். படாங் பக்கம் போனவர்களுக்கு அந்த மணிக்கூண்டு தெரியும். ஒரு பாதி 1862இல் டவுன் ஹாலாகக் கட்டியது, இன்னொரு பாதி 1905இல் விக்டோரியா மகாராணி நினைவாகக் கட்டியது. சிங்கப்பூர் சிம்ஃபனி இசைக்குழு, எஸ்பிளனேடு என்கிற பெரிய அரங்கம் வருவதற்கு முன் இருபது வருஷத்துக்கும் மேல் இங்கேதான் இருந்தது. 2014இல் புதுப்பித்துத் திறந்தபோது இருக்கைகளைக் குறைத்து 673 ஆக்கிவிட்டார்கள். எஸ்பிளனேடு கிடைக்கவில்லையே என்று எங்களில் சிலருக்குக் குறை இருந்தது, எனக்கு இல்லை. சின்ன ஹாலில் மெதுவாக வாசிப்பது கடைசி வரிசை வரைக்கும் போகும். ஆனால் மேடை சின்னது. அறுபது பேரை அதில் அடைத்தால் பெர்குஷன்காரர்கள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். எனக்கு முன்னால் ஹார்ன்காரியின் முழங்கை, பக்கத்தில் டியூபா, காலை நீட்ட இடமில்லை.

நிகழ்ச்சியின் இரண்டாம் பாதியில் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் என்ற ஆங்கிலேய இசையமைப்பாளரின் முதல் சூட் (பல பகுதிகள் சேர்ந்த ஒரு படைப்பு), ஈ ஃபிளாட் சுருதியில். 1909இல் எழுதியது. உலகத்தில் பேண்டில் உட்கார்ந்த எல்லாருக்கும் இது தெரியும், பேண்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. ஹோல்ஸ்ட் இதை எழுதும்போது லண்டனில் ஒரு பெண்கள் பள்ளியில் இசை ஆசிரியர். கையில் நரம்புக் கோளாறு வந்து பியானோ வாசிக்க முடியாமல் போய், பிழைப்புக்காக டிராம்போன் ஊதியவர். அதே காலகட்டத்தில் சமஸ்கிருதம் கற்றுக்கொண்டு ரிக்வேதப் பாடல்களைத் தானே மொழிபெயர்த்து இசையமைத்துக்கொண்டிருந்தார், சாவித்திரி கதையை வைத்து ஒரு ஓப்பராவும் எழுதினார். இதைச் சொன்னதும்தான் என் தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்து, "அப்ப நானும் வர்றேன்" என்றார்.

அந்த சூட்டின் முதல் பகுதி எட்டு தாளக்கட்டு (பார்) நீளமுள்ள ஒரு மெட்டில் ஆரம்பிக்கிறது. அந்த மெட்டுதான் பகுதி முழுக்கத் திரும்பத் திரும்ப வரும், மேலே மற்றவர்கள் கோலம் போடுவார்கள், நடுவில் தலைகீழாகக்கூட வரும். ஆரம்பத்தில் அதை வாசிப்பது யார் தெரியுமா? யூஃபோனியமும் டியூபாவும். வேறு யாரும் கிடையாது. கிளாரினெட் கூட்டம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், டிரம்பெட் வாயைத் துடைத்துக்கொண்டிருக்கும், ஹால் முழுக்கப் பேச்சு மூச்சில்லாமல் இருக்கும், அப்போது நாங்கள் மெதுவாக, கீழ்ச்சுரத்தில், முதல் ஒலியைக் கொண்டுவர வேண்டும்.

சத்தமாக ஆரம்பிப்பது சுலபம். மெதுவாக ஆரம்பிப்பதில்தான் பிராணன் போகும். காற்று கொஞ்சம் குறைந்தால் ஒலி வராது, வெறும் மூச்சு மட்டும் வரும். கொஞ்சம் கூடினால் தும்மல் மாதிரி வெடிக்கும். அதுவும் குளிரூட்டிய மேடையில் நிமிஷக்கணக்கில் சும்மா உட்கார்ந்தால் வாத்தியம் சில்லிட்டுப் போகும், சுருதி இறங்கிவிடும். அதனால் முந்தின பாட்டு முடிந்து கைதட்டல் நடக்கும்போதே நானும் டியூபாக்காரனும் சத்தம் வராமல் குழாய்க்குள் சூடான காற்றை ஊதிக்கொண்டிருந்தோம். தண்ணீர்ச் சாவியைத் திறந்து உள்ளே தேங்கிய ஈரத்தைக் காலடியில் விரித்திருந்த துண்டில் விட்டேன். (எச்சில் இல்லை, பெரும்பாலும் மூச்சுக்காற்றின் ஈரம்தான். நம்புங்கள்.) மூன்றாவது வால்வை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தேன். எனக்கு முன்னால் இந்த வாத்தியத்தை வைத்திருந்த அக்கா காலத்திலிருந்தே அது கொஞ்சம் மெதுவாகத்தான் மேலே வரும், எண்ணெய் விட்டால் ஒரு மணிநேரம் சொன்னபடி கேட்கும்.

கண்டக்டர் கையைத் தூக்கினார். எங்கள் இருவரையும் மட்டும் பார்த்தார். வழக்கமாக ஒத்திகையில் முகத்தை உம்மென்று வைத்திருப்பவர், அன்றைக்கு என்னவோ புருவத்தை லேசாகத் தூக்கினார், "ம், ஆரம்பியுங்கள், எனக்கு அவசரம் இல்லை" என்கிற மாதிரி. டியூபாக்காரன் மூச்சை இழுப்பது கேட்டது. நாங்கள் இரண்டு வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து ஊதியதில் எண்ணி ஆரம்பிப்பதை எப்போதோ விட்டுவிட்டோம், அவன் மூச்சை வைத்துத்தான் நான் உள்ளே போவேன். ஈ ஃபிளாட், எஃப், சி. அந்த மூன்று சுரங்கள் நல்லபடியாக வந்துவிட்டால் மீதி தானாக வரும். வந்தது. இரண்டு வாத்தியமும் சேர்ந்து எது யாருடைய ஒலி என்று எனக்கே தெரியாத அளவுக்கு ஒன்றாகிப் போனது, தரைப்பலகை வழியாகப் பாதத்தில் அதிர்ந்தது. பதினைந்து வினாடி இருக்குமா? அதற்குள் டிராம்போன்கள் வந்து எங்களிடமிருந்து மெட்டை வாங்கிக்கொண்டார்கள்.

மூன்று பகுதிகளும் ஒரே சொற்றொடரிலிருந்து பிறந்தவை, ஆகவே இடையில் நிறுத்தாமல் வாசியுங்கள் என்று ஹோல்ஸ்ட் சொல்லி வைத்திருக்கிறார். பெற்றோர் அதைக் கேட்பார்களா? முதல் பகுதி அவ்வளவு பிரம்மாண்டமாக முடிந்தால் யார்தான் சும்மா இருப்பார்கள், ஹாலே எழுந்து கைதட்டியது, முதல் கைதட்டு எங்கள் வீட்டு வரிசையிலிருந்து வந்தது என்று அம்மா பெருமையாக ஒப்புக்கொண்டார். கண்டக்டர் சிரித்துக்கொண்டே கையை இறக்காமல் காத்திருந்தார்.

கடைசிப் பாட்டுக்கு முன் இறங்கப்போகிற மாணவர்களை எழுந்து நிற்கச் சொல்வது வழக்கம். அழுகை அங்கேதான் ஆரம்பிக்கும். புல்லாங்குழல் வரிசை முழுக்க அழுதது, அழுத மூக்கோடு எப்படி ஊதினார்களோ தெரியவில்லை. நான் அழவில்லை. தைரியம் எல்லாம் இல்லை, அடுத்த பாட்டில் எனக்கு ஒரு நீளமான தனிவரி இருந்தது, உதடு நடுங்கினால் போச்சு.

வெளியே பூங்கொத்து, பொம்மை, சாக்லேட் மாலை, போட்டோ. பாட்டி என்னைக் கட்டிக்கொண்டு, "நல்லா இருந்துச்சுய்யா, ஆனா உன் சத்தம் எதுன்னுதான் தெரியல" என்றார். தாத்தாவுக்கு வேறு கவலை. கிளாரினெட்டுக்கு ஏ.கே.சி. நடராஜன் இருந்தார், சாக்சபோனுக்கு கத்ரி கோபால்நாத் இருந்தார், இதை ஏன் யாரும் நம் கச்சேரிக்குக் கொண்டுவரவில்லை, நீ செய்யேன் என்றார். கமகம் கொடுக்க வால்வை வைத்து என்ன செய்வது என்று கேட்டேன். "அது உன் பாடு."

பாட்டி சொன்னது எனக்குத் தப்பாகப் படவில்லை, சொல்லப்போனால் அன்றைக்குக் கிடைத்ததிலேயே சரியான விமர்சனம் அதுதான். யூஃபோனியத்தின் வேலையே அப்படித்தான். டிரம்பெட் மேலே மெட்டைப் பாடும்போது நாங்கள் கீழே இன்னொரு வரியை ஓட்டிக்கொண்டிருப்போம். அதைக் கேட்கிறவர்கள் கவனிக்க மாட்டார்கள், நிறுத்திவிட்டால் மட்டும் என்னவோ காணோமே என்பார்கள். வீட்டில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த வரியை மட்டும் வாசித்துப் பாருங்கள், தொலைபேசியில் ஒருபக்கப் பேச்சு மட்டும் கேட்பதுபோல் இருக்கும். என் தங்கை அதைத்தான் "போர் அடிக்குது, பாட்டு வாசி" என்பாள். நான் வாசித்துக்கொண்டிருப்பது பாட்டுதான், மீதி ஐம்பத்தொன்பது பேர் இல்லை, அவ்வளவுதான்.

எல்லாரும் நண்பர்களைப் பிரிவதைப் பற்றிப் பேசுகிறார்கள். நண்பர்கள் எங்கேயும் போகவில்லை, வாட்ஸ்அப் குழுவில் நேற்று இரவு இரண்டு மணி வரைக்கும் சத்தம். எனக்குப் போவது அந்த நடு இடம். வயலின் வாசிக்கிறவன் எங்கே போனாலும் ஒரு இசைக்குழு கிடைக்கும். யூஃபோனியத்துக்கு சிம்ஃபனி இசைக்குழுவில் நாற்காலியே கிடையாது. ஹோல்ஸ்ட் கோள்களைப் பற்றி எழுதிய படைப்பில் டெனர் டியூபா என்று ஒரு பாகம் வரும், அதைப் பெரும்பாலும் யூஃபோனியத்தில்தான் ஊதுவார்கள். அந்த மாதிரி எப்போதாவது ஒன்று, மற்றபடி பேண்டு இருந்தால்தான் நாங்கள். வாத்தியமும் நம்முடையது இல்லை. பள்ளிச் சொத்து, பெட்டியில் எண் ஒட்டியிருக்கும், புதிதாக நல்லதாய் வாங்கப் போனால் அப்பாவின் பல மாதச் சம்பளம்.

திங்கட்கிழமை அதைக் கழுவப் போனேன். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு கொஞ்சம், குழாய்க்குள் விடுகிற நீளமான பிரஷ். என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளப் போகிற ஜூனியர் பெண் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது வால்வைப் பற்றிச் சொன்னேன். பழுதுபார்க்கக் கொடுக்கலாமே என்றாள், நியாயமான கேள்வி, இத்தனை வருஷத்தில் எங்கள் யாருக்கும் ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. நோட்ஸ் தாளில் இருக்கிற என் பென்சில் குறிப்புகளை அழிக்கட்டுமா என்று அவள் கேட்டதற்கு, மூச்சு எடுக்கிற இடங்களை மட்டும் விட்டுவை, மற்றதெல்லாம் கண்டக்டரைப் பற்றிய ஜோக், அழித்துவிடு என்றேன்.

மவுத்பீஸ் மட்டும் என்னுடையது, சொந்தக் காசில் வாங்கியது. அதை வைத்துக்கொண்டேன். தேர்வு முடிந்ததும் தேசிய சேவை. ராணுவ இசைக்குழுவிலும் தேசிய சேவையாளர்களை வாசிக்கவைத்து, கேட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். முயற்சி செய்து பார்க்கப்போகிறேன் என்று சாப்பிடும்போது சொன்னேன். "எல்லாரும் துப்பாக்கி தூக்குவாங்க, நீ அங்கேயும் இதையே தூக்கப்போறியா?" என்றார் அப்பா. ஆமாம் என்றேன். எடை கிட்டத்தட்ட ஒன்றுதான்பா.