டைகர் மாத்: துணியை உரித்த பிறகுதான் வேலை

மஞ்சள் பெயின்ட் பளபளக்க நிற்கும் பழைய டைகர் மாத்தைச் சுற்றி வந்துவிட்டு, "நல்ல கண்டிஷன்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கை கொண்ட, பிரிட்டனின் டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் இந்தப் பயிற்சி விமானம் முதலில் பறந்தது 1931 அக்டோபர் 26-ல். அதன் பிறகு 8,000-க்கும் மேல் கட்டினார்கள். அவற்றில் எதை எடுத்தாலும் வெளியே தெரிவது துணியும் பெயின்டும் மட்டும். உள்ளே உடல் எஃகுக் குழாய், இறக்கை ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம். மரமோ குழாயோ நடுவில் விட்டுப்போவது அபூர்வம். மரத்தோடு பசை, மரத்தோடு போல்ட், கம்பியோடு மரை என்று ஒன்றோடொன்று சேரும் இடத்தில்தான் விட்டுப்போகும். அதனால் பழைய விமானத்தைப் புதுப்பிக்கும் வேலை துணியை உரிப்பதில் தொடங்குகிறது. முழுவதையும் உரிக்க வேண்டும். 'இந்த ஒரு இறக்கை போன வருஷம்தான் போர்த்தியது' என்று மிச்சம் வைப்பது கெட்ட சிக்கனம்.

முதலில் மரம். அந்தக் காலத்து மர விமானங்களில் பரவலாக இருந்தது கேசின் பசை, அதாவது பாலின் புரதத்திலிருந்து செய்தது. ஈரம் பட்டால் பூஞ்சை அதைத் தின்றுவிடும். மூட்டு பார்க்க ஒட்டியபடியே இருக்கும். மெல்லிய கத்தியின் நுனியை விளிம்பில் வைத்துத் திருகினால் பொடியாக உதிரும். ரிப்பும் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டம்) ஸ்பாரும் (இறக்கையின் நீளத்துக்கு ஓடும் முதன்மை உத்திரம்) சேரும் இடங்களை ஒவ்வொன்றாக இப்படிப் பார்க்க வேண்டும். அடுத்தது போல்ட் துளைகள். துளையைச் சுற்றி மரம் கறுத்திருந்தால் அங்கே தண்ணீர் போய்ப் போல்ட் துருப்பிடித்திருக்கிறது என்று அர்த்தம். போல்ட்டைக் கழற்றித் துளை வட்டமாக இருக்கிறதா, நீண்டிருக்கிறதா என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். நீண்ட துளைக்குப் பெரிய போல்ட் போடுவது தீர்வல்ல. வரைபடம் அனுமதிக்கும் அளவுக்கு மேல் போனால் ஸ்பாரையே ஒட்டுப்போட வேண்டும், இல்லாவிட்டால் மாற்ற வேண்டும்.

மாற்று ஸ்ப்ரூஸ் வாங்கும்போது மூன்றைக் கவனிக்க வேண்டும். நார் ஓட்டம் 15 அங்குல நீளத்துக்கு 1 அங்குலத்துக்கு மேல் சாயக்கூடாது. ஓர் அங்குலத்தில் குறைந்தது 6 வருட வளையங்கள் வேண்டும். ஈரப்பதம் 12 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இதோடு, குறுக்கே மயிரிழை போல ஓடும் கோடுகள் இருக்கின்றனவா என்று சாய்வான வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மரம் எப்போதோ அழுத்தத்தில் நசுங்கியதன் அடையாளம் அது. அப்படிப்பட்ட பலகையில் அழகான மேஜை செய்யலாம், ஸ்பார் செய்யக்கூடாது.

ஒட்டுப்போடுவது சாய்வு வெட்டில். தடிமன் 1 என்றால் சாய்வின் நீளம் 10 முதல் 12. ஒட்டும் முகத்தை இழைப்புளியால் முடிக்க வேண்டும். உப்புத்தாள் தேய்த்தால் மரத்தூள் துவாரங்களை அடைத்துக்கொண்டு பசையை உள்ளே விடாது. இப்போது புழங்குவது கருஞ்சிவப்பான ரிசார்சினால் பசை. அதற்குச் சுமார் 21 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். பிரிட்டனின் குளிர்கால ஷெட்டில் ஹீட்டர் இல்லாமல் நடக்காது. ஸ்ப்ரூஸுக்குச் சதுர அங்குலத்துக்கு 125 முதல் 150 பவுண்டு அழுத்தமும் வேண்டும். நாலு கிளாம்ப் மாட்டிவிட்டுப் போவதல்ல இது. இடைவெளியை அடைக்கும் குணம் இந்தப் பசைக்குக் கிடையாது. ஒவ்வொரு கலவையிலும் துண்டு மரத்தை ஒட்டி எடுத்து வைத்து, மறுநாள் உடைத்துப் பாருங்கள். மரம் பிய்ந்தால் சரி. பசைக்கோட்டில் சுத்தமாகப் பிரிந்தால் அந்தக் கலவையில் ஒட்டியதை எல்லாம் பிரித்துவிட வேண்டியதுதான்.

எஃகுக் குழாய்கள் உள்ளிருந்து துருப்பிடிக்கும். தண்ணீர் தங்குவது வாலை ஒட்டிய தாழ்ந்த மூலைகளில். பெயின்ட்டை நீக்கி அல்ட்ராசோனிக் கருவியால் தடிமன் அளந்து, மெலிந்த துண்டை வெட்டி மாற்றிய பின் உள்ளே ஆளிவிதை எண்ணெய் விட்டு வடித்து மூடுவது பழைய வழக்கம். இன்றும் அதைவிட எளிதான வழி இல்லை.

இந்த விமானத்தில் எனக்கு அதிகம் பயம் தருவது வேறொன்று. உடலின் அடியில் குறுக்கே ஓடும் இரண்டு கம்பிகள். இடது வலது கீழ் இறக்கைகள் இரண்டும் அவற்றில்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. 2013 டிசம்பர் 16-ல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து கடற்கரையருகே ஒரு டைகர் மாத்தின் இடது இறக்கைகள் வானத்திலேயே பிரிந்து இருவர் இறந்தார்கள். விசாரணையில் இரண்டு கம்பிகளும் மரைப்பகுதியில் ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது தெரிந்தது. சுமை திரும்பத் திரும்ப விழுவதால் மரையின் பள்ளத்தில் தொடங்கும் களைப்பு விரிசல் கண்ணுக்குத் தெரியாது. அதனால் 'பார்க்க நன்றாக இருக்கிறதே' என்ற பேச்சுக்கே இடமில்லை. வாங்கிய தேதி, ஓடிய மணி, யார் செய்தது என்பதற்கான சான்று மூன்றும் இல்லாத கம்பியைக் குப்பையில் போட்டுவிட்டு, சான்றுள்ள புதியதைப் போட வேண்டும். இதற்கான தொழில்நுட்ப அறிவிப்புகளை, வடிவமைப்பின் பொறுப்பை வைத்திருக்கும் டக்ஸ்ஃபோர்ட் டி ஹாவிலண்ட் சப்போர்ட் வெளியிடுகிறது. வேலை தொடங்கும் முன் அதன் முழுப் பட்டியலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

துணி. அன்று லினன், இன்று பெரும்பாலும் பாலியெஸ்டர். லினன், டோப் எனும் துணிக்கான வார்னிஷைப் பூசப் பூச இறுகும். பாலியெஸ்டரை இறுக்குவது இஸ்திரிப் பெட்டி. முதல் சுற்று 121 டிகிரி செல்சியஸ், கடைசிச் சுற்று 177. அதைத் தாண்டினால் துணி இறுகாது, தளர்ந்துவிடும். பெட்டியின் குமிழில் இருக்கும் எண்ணை நம்பாமல் தெர்மாமீட்டரால் சரிபார்க்க வேண்டும். இருபுறமும் மாற்றி மாற்றித் தேய்க்காவிட்டால் ஐலெரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடல்) போன்ற மெல்லிய பாகங்கள் முறுக்கிக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு ரிப்பிலும் மெழுகு நூல் தையல். இடைவெளி சுமார் 75 மி.மீ., ப்ரொப்பெல்லர் காற்று அடிக்கும் பகுதியில் இன்னும் நெருக்கம்.

பாலியெஸ்டரில் முதல் பூச்சு நைட்ரேட் டோப். இன்னொரு வகை டோப்பான பியூட்டிரேட் நேரடியாகப் பிடிக்காது. நைட்ரேட் வெடிமருந்துப் பஞ்சின் உறவுக்காரன், நிலைமின் பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும். சட்டகத்தை எர்த் செய்யுங்கள், பருத்திச் சட்டை போடுங்கள். காற்றில் ஈரம் அதிகமான நாளில் பூசினால் வெள்ளை பூத்துவிடும். மழைக்காலத்தில் வேலையை ஒத்திப்போடுவது நல்லது. மேலே அலுமினியப் பொடி கலந்த வெள்ளிப் பூச்சு, வெயிலிலிருந்து துணியைக் காக்க. இருட்டில் இறக்கைக்குள் பல்பை எரியவிட்டுப் பாருங்கள், வெளிச்சம் கசிந்தால் பூச்சு போதவில்லை. கடைசியில், ரிப்புகளுக்கு இடையிலுள்ள ஒவ்வொரு அறையின் பின்விளிம்பிலும் வடிகால் துளையைத் திறக்க மறக்கக்கூடாது. மறந்தால் முதல் மழையிலேயே மேலே சொன்ன கதை மறுபடி தொடங்கும்.

எஞ்சின் ஜிப்சி மேஜர்: 6.12 லிட்டர், 130 குதிரைத்திறன், தலைகீழாகத் தொங்கும் நான்கு சிலிண்டர். நின்றிருக்கும்போது எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கும். மேக்னெட்டோ (எஞ்சினுக்குப் பொறி தரும் சிறு மின்னாக்கி) சுவிட்சுகளை அணைத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ப்ரொப்பெல்லரைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளையலாம். சுவிட்ச் அணைந்திருந்தாலும் ப்ரொப்பெல்லரை உயிருள்ளதாகவே நினையுங்கள். மேக்னெட்டோ இன்னொரு ஏமாற்றுக்காரன். குளிர்ச்சியாக இருக்கும்போது பொறி பிரமாதமாக வரும். அரைமணி ஓடிச் சூடானதும் விட்டுவிடும். பழைய சுருளின் காப்புப் பூச்சும் கண்டென்சரும்தான் காரணம். பெஞ்சில் சூடேற்றிச் சோதித்த பிறகே மாட்ட வேண்டும்.

இறக்கை பொருத்துவதற்கு ரசமட்டமும் தூக்குக்குண்டும் பொறுமையும் போதும். உடலை மட்டமாக்கி, மேல் இறக்கையின் நடுப்பகுதியை முதலில் நேர்செய்து, பிறகு வெளி இறக்கைகள். இந்த விமானத்தை வடிவமைத்தபோது, முன்னிருக்கைக்காரர் பாராசூட்டோடு வெளியேற வழிவிட்டு நடுப்பகுதியை முன்னே நகர்த்தினார்கள். எடைமையம் கெடாதிருக்க இறக்கைகளைப் பின்னே சாய்த்தார்கள். அந்தச் சாய்வு இருபக்கமும் சமமாக இருக்க வேண்டும், ஆகவே வால் நுனியிலிருந்து இறக்கை அடுக்குகளை இணைக்கும் இரு வெளித்தூண்களுக்கும் டேப் பிடித்தால் அளவு ஒன்றாக வர வேண்டும். இறக்கைகளை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளின் முனைக் கவையில் சிறு துளை உண்டு. அதில் ஊசி நுழைந்து மறுபக்கம் வந்தால் மரை போதிய ஆழம் ஏறவில்லை.

முதல் பறத்தல் முடிந்ததும் கம்பி இறுக்கத்தையும் ப்ரொப்பெல்லர் போல்ட்டுகளையும் திரும்பப் பார்க்க வேண்டும். மர ப்ரொப்பெல்லர் வறண்ட காற்றில் சுருங்கும், போல்ட் தளரும். கவனிக்காமல் ஓட்டினால் ஹப் (ப்ரொப்பெல்லரை எஞ்சினோடு இணைக்கும் உலோக மையம்) படியும் முகத்தில் மரம் கருகியிருக்கும். ஹேங்கரில் நிறுத்தும்போது அதைக் கிடையாக விடுங்கள். நிமிர்த்தி விட்டால் ஈரம் கீழ் அலகில் இறங்கி, அடுத்த முறை எஞ்சின் அதிரும்.