குடல் நோயும் லெஸ்டரும் காவேரிப்பட்டணத்து அண்ணனும்

பாலக்கோட்டில் இருந்தபோதே மலத்தோடு அவ்வப்போது ரத்தம் போகும். மூலம் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். வேலைக்காக இங்கிலாந்தின் லெஸ்டருக்கு வந்த பிறகு அது நிற்கவே இல்லை. மலத்தில் கால்புரோடெக்டின் என்ற, குடல் அழற்சியைக் காட்டும் புரதத்தின் அளவைப் பார்த்தார்கள், அப்புறம் கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி. பெருங்குடலில் புண், அல்சரேட்டிவ் கோலைடிஸ். மருந்தால் அடக்கி வைக்கலாம், அடியோடு போக்க முடியாது என்றார்கள்.

முதல் பயம் செலவுதான். ஆனால் விசாவோடு ஆண்டுக்கு 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டியிருந்ததால் மருத்துவமனைச் சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்கவில்லை. வெளியே வாங்கும் மருந்துக்கு மட்டும் சீட்டில் உள்ள ஒவ்வொன்றுக்கும் 9.90 பவுண்டு. மாதாமாதம் பல மருந்து வாங்குகிறவர்கள் ஆண்டு முழுவதுக்கும் மொத்தமாக முன்பணம் கட்டிவிடுவது மலிவு.

இங்கே வரும் நம் ஆட்களுக்கு நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான். இந்த நோய்க்கென்றே தனி நர்ஸ் உங்கள் மருத்துவமனையில் இருக்கிறாரா என்று கேளுங்கள். பெரிய டாக்டரைப் பார்க்க மாதக்கணக்கில் ஆகும்; நர்ஸுக்குப் போன் செய்து செய்தி விட்டால் அவரே திரும்ப அழைப்பார். ரத்தம் நின்றாலும் குடல் அழற்சியைத் தணிக்கும் மெசலசின் மாத்திரையை நிறுத்தக்கூடாது, ஸ்டீராய்டைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்று எனக்குப் பொறுமையாகச் சொன்னவர் அவர்தான். அந்த மருந்துகள் போதாமல், நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் இன்ஃப்ளிக்சிமாப் என்ற மருந்தை ஆரம்பிக்கும் முன் காசநோய்க்கு ரத்தப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். உடலில் உறங்கிக் கிடக்கும் காசநோயை இந்த மருந்து கிளப்பிவிடலாம். நம் ஊரிலிருந்து போகிறவர்கள் இந்தப் பரிசோதனையைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது.

அம்மாவுக்குக் களிதான் கவலை. "ராகிக் களி தின்னாம உடம்பு எப்படிக் கண்ணு தேறும்?" என்று தினமும் கேட்பார். புண் ஆறும் வரை நார்ச்சத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள், ஆறிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பார்க்கலாம் என்றதும்தான் சமாதானம் ஆனார்.

அம்மா சொல்லித்தான் பெரியப்பா மகனுக்கு விஷயம் தெரிந்தது. காவேரிப்பட்டணம் பக்கம் மாம்பழக்கூழ் ஆலையில் வேலை. அன்றிரவே கூப்பிட்டார். "எனக்கும் அதேதான் தம்பி, அண்ணிக்கு மட்டும்தான் தெரியும்" என்றார். பெங்களூரில் வைத்தியம் பார்த்து, ரத்தம் நின்றதும் மாத்திரையை விட்டு, மறுபடி அவதிப்பட்டிருக்கிறார். சீசனில் வேலைக்கு நடுவே கழிப்பறைக்குப் போகக் கேட்பதற்குக் கூசி, காலையிலிருந்து சாப்பிடாமலே இருப்பாராம். கேட்டபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. என்னைப் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸாவது இருக்கிறார். அவருக்கு யாரும் இல்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பேசிக்கொள்கிறோம். எத்தனை முறை போனது, ரத்தம் உண்டா, மாத்திரை போட்டாயா என்று ஒளிவுமறைவில்லாமல் கேட்டுக்கொள்கிறோம். அவர் மாத்திரையை மீண்டும் தொடங்கிவிட்டார். ஆலை சூப்பர்வைசரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள் அண்ணா என்று கேட்டிருக்கிறேன். அடுத்த சீசனுக்குள் சொல்லிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.