மீன் தொட்டி விளக்கு: செய்ததும் கெடுத்ததும்

2023-இல் தென்னாப்பிரிக்காவில் லோட் ஷெட்டிங், அதாவது முறை வைத்துக் கரண்டை நிறுத்துவது, ஆறாம் ஸ்டேஜ் வரை போனது இங்கே இருப்பவர்களுக்கு மறந்திருக்காது. டர்பனின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டில் கரண்ட் இரண்டு மணி நேரம் போகும், வரும், மறுபடி போகும், திரும்பி வரும்போதெல்லாம் எதையாவது காவு வாங்கிக்கொண்டுதான் வரும். மீன் தொட்டி ட்யூப் லைட்டின் இரண்டாவது சோக்கும் கருகிய அன்று, சரி, இனி இதற்குக் காசு போடுவதில்லை, எல்.இ.டி.யில் நானே ஒன்று செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

தொட்டி இரண்டடி நீளம். பழைய ஸ்லைடிங் ஜன்னலின் அலுமினியச் சட்டத்தை அறுத்து, அதன் அடியில் 55 செ.மீ. நீளத்துக்கு மூன்று வரிசையாக 12 வோல்ட் எல்.இ.டி. ஸ்ட்ரிப் (சின்னச் சின்ன விளக்குகள் பதித்த நாடா) ஒட்டினேன். வெள்ளையில் 6500 கெல்வின் வாங்குங்கள். மஞ்சள் கலந்த வார்ம் ஒயிட் போட்டால் தண்ணீர் டீ மாதிரி தெரியும். மீட்டருக்கு 60 எல்.இ.டி., 14.4 வாட் என்பதால் மூன்று வரிசைக்கும் சேர்த்து 24 வாட், அதாவது 2 ஆம்பியர் இழுக்கும். 3 ஆம்பியர் அடாப்டர் போதும். அலுமினியம் அழகுக்காக இல்லை, சூட்டை இழுக்கத்தான். சூடு ஏறினால் எல்.இ.டி. சீக்கிரம் மங்கிவிடும்.

இதுவரை எல்லாம் சரி. அப்புறம்தான் என் புத்தி வேலை செய்தது. ஈரம் படாமலிருக்க, தொட்டி ஒட்டுகிற அதே சிலிக்கோனை ஸ்ட்ரிப் முழுக்க நன்றாக அப்பி வைத்தேன். மீனுக்கே ஆபத்தில்லாதது விளக்கை என்ன செய்துவிடும்?

மூன்றாம் மாதம் ஒரு ஓரத்தில் மூன்று எல்.இ.டி. அணைந்தது. அடுத்த வாரம் இன்னும் மூன்று. இந்த ஸ்ட்ரிப்பில் மூன்று மூன்றாகத்தான் தொடரில் கோத்திருப்பார்கள், ஒன்றில் இணைப்பு விட்டால் மூன்றும் போகும். கேட் மோட்டார் ரிப்பேர் செய்கிற எங்கள் மாமாவிடம் கொண்டுபோனேன். அவர் சிலிக்கோனை நகத்தால் உரித்தார், உள்ளே செம்பெல்லாம் பச்சையாகப் பூத்துக் கிடந்தது. மிச்சமிருந்த ட்யூபை வாங்கி மோந்து பார்த்துவிட்டு, "ஏண்டா, இது வினிகர் வாடை அடிக்குதே, இதையா கரண்ட் போற இடத்துல தடவின?" என்றார்.

விஷயம் அதுதான். தொட்டி ஒட்டும் சிலிக்கோன் பெரும்பாலும் காயும்போது அசெட்டிக் அமிலத்தை வெளியே விடுகிற வகை. கண்ணாடிக்கு அது ஒன்றும் செய்யாது, செம்பை அரித்துவிடும். மின் வேலைக்கு நியூட்ரல் க்யூர் என்று ட்யூபிலேயே போட்டிருக்கும் வகை வேண்டும், அதில் அந்த வாடை வராது. டர்பன் புழுக்கமும் தன் பங்குக்குச் சேர்ந்திருக்கும், ஆனால் முதல் குற்றவாளி நான்தான்.

இரண்டாம் முறை ஏற்கெனவே மேலே பூச்சுள்ள, தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் ஐ.பி. 65 தர ஸ்ட்ரிப் வாங்கி, வெட்டிய முனைகளில் மட்டும் நியூட்ரல் சிலிக்கோன் வைத்தேன். கீழே 3 மி.மீ. பெர்ஸ்பெக்ஸ் (அக்ரிலிக்) தகடு. வயரை நேராக ப்ளக்குக்குக் கொண்டுபோகாமல், நடுவில் ப்ளக்கைவிடத் தாழ்வாகத் தொங்கவிட்டு மேலே ஏற்றினேன். வயர் வழியே தண்ணீர் வழிந்தாலும் தரையில் சொட்டும், ப்ளக்குக்குள் போகாது. இதை மட்டும் சோம்பேறித்தனத்தில் விட்டுவிடாதீர்கள், 230 வோல்ட் விளையாட்டில்லை.

மாமா ஒரு 7 ஆம்பியர்-மணி கேட் மோட்டார் பாட்டரியும் கொடுத்தார், கரண்ட் போனாலும் விளக்கு எரியட்டும் என்று. நான் அதில் ஏர் பம்ப்பைத்தான் மாட்டினேன். இரண்டு மணி நேரம் இருட்டில் இருந்தால் மீன் சாகாது, காற்றில்லாமல் நெரிசலான தொட்டியில் திண்டாடிப்போகும். தவிர, சார்ஜ் ஏறும்போது பாட்டரி 13.8 வோல்ட் வரை போகும், 12 வோல்ட் ஸ்ட்ரிப் அதில் அளவுக்கு மீறிச் சுடும்.

பாசி வராமலிருக்க ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம்தான் விளக்கு. அதற்கு முள் சுற்றுகிற டைமர் ஒன்று வாங்கினேன். கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும் என்பதை யோசிக்கவில்லை. ஒவ்வொரு மின்வெட்டுக்கும் இரண்டு மணி நேரம் பின்தங்கி, ஒரு வாரத்தில் நடுராத்திரி ஒரு மணிக்கு தொட்டி பளிச்சென்று எரிந்தது. இப்போது பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மகள்தான் சுவிட்ச் போடுகிறாள்.